‘நாட்டின் பாதுகாப்பு’ என்று அரசு சொன்னால்? தீர்ப்புகள், உரிமைகள், பொறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எமர்ஜென்சியில் பயன்பட்ட மிசா, பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களான தடா, பொடா, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் எனப்படும் உபா, தேசப் பாதுகாப்புச் சட்டம், குண்டர் சட்டம் என்று சட்டங்களின் பெயர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இவற்றைப் பற்றிப் பேசும்போது மக்கள் கேட்கும் கேள்விகள் மட்டும் பெரிதாக மாறவில்லை. அந்தக் கேள்விகளுக்கு இந்திய நீதிமன்றங்களின் தீர்ப்புகளை வைத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். என் கருத்தையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

நாட்டின் பாதுகாப்பு என்று அரசு சொல்லிவிட்டால், அதற்குமேல் நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாதா?

கேட்க முடியும். கேட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகள் ஆகியோரின் செல்போன்களில் பெகசஸ் உளவு மென்பொருள் நுழைந்ததாகப் புகார் வந்தது. மென்பொருளைப் பயன்படுத்தினீர்களா இல்லையா என்ற கேள்விக்கு ஒன்றிய அரசு, பாதுகாப்பைக் காரணம் காட்டி, நேராகப் பதில் சொல்லவில்லை. 2021 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம், அந்தக் காரணத்தைச் சொன்னாலே அரசு தப்பித்துக்கொள்ள முடியாது என்று கூறி, ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைத்தது.

இதைவிடத் தெளிவான தீர்ப்பு 2023 ஏப்ரல் 5 அன்று வந்தது. கேரளத்தின் மீடியா ஒன் தொலைக்காட்சிக்கு உள்துறை அமைச்சகம் பாதுகாப்பு ஒப்புதல் தர மறுத்ததால் அதன் ஒளிபரப்பு உரிமம் நீட்டிக்கப்படவில்லை. ஏன் மறுத்தார்கள் என்று சேனலுக்குச் சொல்லவில்லை. சீலிட்ட உறையில் சில தாள்களை வைத்துக் கேரள உயர் நீதிமன்ற நீதிபதிகளிடம் கொடுத்தார்கள். அவர்கள் படித்துப் பார்த்துவிட்டு அரசு சொல்வது சரி என்றார்கள். தன்மேல் என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாமல் ஒருவர் எப்படி வாதாடுவார்? உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பாதுகாப்பு என்பதைக் காற்றிலிருந்து பிடித்து வைக்க முடியாது, அதற்கு அடிப்படை காட்ட வேண்டும் என்றது. எதையாவது ரகசியமாக வைக்க வேண்டுமானால், ஏன் ரகசியம் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும், வெளியே தரக்கூடிய பகுதியைத் தர வேண்டும் என்று வழிமுறையும் வகுத்தது. அரசின் கொள்கையை விமர்சித்த செய்திகளை வைத்து ஒரு சேனலை அரசுக்கு எதிரானது என்று முத்திரை குத்த முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

ஆனால் எல்லா வழக்கிலும் இப்படி நடப்பதில்லை. 2025 மே மாதம், துருக்கியோடு தொடர்புள்ள செலெபி என்ற விமான நிலையச் சேவை நிறுவனத்தின் பாதுகாப்பு ஒப்புதலை அரசு ரத்து செய்தது. அந்த ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், சீலிட்ட உறையில் வந்த தகவலைப் பார்த்து அரசு செய்தது சரி என்றது. பெகசஸ் குழுவும், அரசு தனக்கு ஒத்துழைக்கவில்லை என்றே அறிக்கை கொடுத்தது. கேள்வி கேட்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் எப்போதும் இருக்கிறது. எந்த நீதிபதி, எந்த வழக்கில், எவ்வளவு தூரம் கேட்கிறார் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

சட்டம் ஒழுங்கு, பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவை 1965இல் பீகாரில் தடுப்புக் காவலில் (குற்றம் செய்யக்கூடும் என்று சொல்லி, விசாரணையில்லாமல் முன்கூட்டியே அடைப்பது) வைத்தார்கள். பொது ஒழுங்குக்கு ஆபத்து என்றால் அடைக்கலாம் என்பது விதி. மாவட்ட மாஜிஸ்திரேட்டின் உத்தரவிலோ சட்டம் ஒழுங்கு என்று எழுதியிருந்தது. நீதிபதி ஹிதாயதுல்லா இதை விளக்கும்போது ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களை நினைத்துக்கொள்ளச் சொன்னார். வெளியே இருக்கும் பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள்ளே பொது ஒழுங்கு, நடுவில் இருக்கும் மிகச் சிறிய வட்டம் நாட்டின் பாதுகாப்பு. இரண்டு பேர் தெருவில் அடித்துக்கொண்டால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினைதான், ஊரையே பாதிக்கும் விஷயமாகாது. லோகியா விடுதலையானார். இன்றைக்கும் ஒரு தடுப்புக் காவல் உத்தரவைப் படிக்கும்போது வக்கீல்கள் முதலில் தேடுவது, சொல்லப்பட்ட சம்பவம் இதில் எந்த வட்டத்துக்குள் வருகிறது என்பதைத்தான்.

இதற்கும் முன்பே, 1950இல், மெட்ராஸ் மாகாண அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இதழை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று தடை செய்தது. ரொமேஷ் தாப்பர் தொடுத்த அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. அரசின் பாதுகாப்பையே குலைக்கும் அளவுக்கு இல்லாத விஷயங்களுக்காகப் பேச்சுரிமையில் கைவைக்க முடியாது என்றது. அடுத்த ஆண்டே முதலாவது திருத்தம் வந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்ற காரணங்களின் பட்டியலில் பொது ஒழுங்கையும் சேர்த்துவிட்டது.

குற்றமே நிரூபிக்கப்படாத ஒருவரை ஓராண்டு அடைத்துவைக்கச் சட்டம் எப்படி இடம் தருகிறது?

அரசமைப்புச் சட்டமே இடம் தருகிறது. அடிப்படை உரிமைகள் உள்ள பகுதியிலேயே, 22ஆவது பிரிவில், தடுப்புக் காவலுக்கு வழி வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கைதில் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம். தடுப்புக் காவலில் இரண்டும் கிடையாது. 1980ஆம் ஆண்டின் தேசப் பாதுகாப்புச் சட்டமும், குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டமும் 12 மாதம் வரை அடைக்க அனுமதிக்கின்றன. அறிவுரைக் கழகம் என்ற குழு ஆவணங்களைப் பார்த்துக் காவல் தேவையா என்று சொல்லும். அங்கேயும் வக்கீல் வைத்து வாதாட உரிமை இல்லை என்று ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நண்பர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதை முதன்முதலில் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். ஏற்கெனவே சிறையில் இருந்த அவருக்கு 1950 மார்ச் 1 அன்று, புதிதாக வந்த தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் மெட்ராஸ் அரசு இன்னோர் உத்தரவைக் கொடுத்தது. பெரும்பான்மை நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள். ஆனால் அதில் 14ஆவது பிரிவை மட்டும் ரத்து செய்தார்கள். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்று தடுத்த பிரிவு அது. கோபாலன் வழக்கு என்றாலே தோல்வி என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிப்பதில்லை. காரணம் தெரியாத காவலை நீதிமன்றம் முதல் நாளிலிருந்தே ஏற்கவில்லை.

அப்படியானால் தடுப்புக் காவல் உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் அடிக்கடி ரத்தாவது எப்படி?

நடைமுறைத் தவறுகளால்தான். “டெக்னிக்கலாகத் தப்பிவிட்டார்” என்று சிலர் இளக்காரமாகச் சொல்வதுண்டு. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சம் வைத்திருப்பது அந்த நடைமுறை மட்டும்தான். அதையும் சரியாகச் செய்யாத அரசுக்கு ஒருவரை அடைத்துவைக்க என்ன உரிமை இருக்கிறது?

உதாரணத்துக்கு மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். காவலில் இருப்பவருக்குக் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும், அவர் பதில் மனு எழுத வாய்ப்பும் கொடுக்க வேண்டும். 1999இல் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். கொடுத்த தாள்களில் ரிமாண்ட் உத்தரவு ஆங்கிலத்தில் இருந்தது, தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை. காவல் உத்தரவு அந்த ஆவணத்தை நம்பியே போடப்பட்டிருந்ததால், அவரால் அதற்கு முறையாகப் பதில் எழுத முடியாமல் போனது. உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

2011இல் வந்த ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு இன்னும் ஆழமாகப் போகிறது. காலாவதியான மருந்துகளை விற்றதாகச் சென்னையில் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைத்திருந்தார்கள். புகார் மோசமானதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கென்று சாதாரணக் குற்றவியல் சட்டம் இருக்கிறதே, அதில் வழக்கு நடத்தித் தண்டனை வாங்கலாமே என்று கேட்டது உச்ச நீதிமன்றம். சாதாரணச் சட்டம் போதும் என்கிற இடத்தில் தடுப்புக் காவலை எடுத்தால் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. “ஜாமீனில் வந்துவிடுவார்” என்ற ஊகம் மட்டும் காரணமாகாது என்றும் சொன்னது.

உத்தரப் பிரதேசத்தில் டாக்டர் கஃபீல் கானை, அலிகாரில் பேசிய ஒரு பேச்சுக்காகத் தேசப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்தார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் பேச்சை முழுவதும் படித்தது. வன்முறையைத் தூண்டும் எதுவும் அதில் இல்லை, ஒற்றுமைக்கே அழைப்பு விடுக்கிறது என்று 2020 செப்டம்பர் 1 அன்று விடுதலை செய்தது. பேச்சு அடங்கிய சிடியைக் கொடுத்தவர்கள், அதைப் போட்டுக் கேட்க ஒரு கருவியைக் கொடுக்கவில்லை என்பதையும் குறித்தது. அதற்குள் அவர் மாதக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டார். ஆட்கொணர்வு மனு (அடைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனு) விசாரணைக்கு வர மாதங்கள் ஓடுகின்றன. அதனால் உத்தரவு ரத்தானாலும், அடைத்தவரின் நோக்கம் பாதிக்கு மேல் நிறைவேறிவிடுகிறது.

எமர்ஜென்சியில் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது?

கைவிட்டது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

மிசாவில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டபோது ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. காவல் உத்தரவு சட்டப்படி இருக்கிறதா என்றாவது பார்ப்போம் என்றன. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம், ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றாலும் நிவாரணம் கிடையாதா என்று கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்பதுதான் பதிலின் சாரம். 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசு சொன்னதை ஏற்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். 1977 ஜனவரியில் அவருடைய பணிமூப்பைத் தாண்டி எம்.எச். பெய்க்கைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்தார்.

இது டெல்லியோடு முடிந்த கதையில்லை. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு மிசாவில் கைதானவர்கள் சென்னை மத்தியச் சிறையில் அடிக்கப்பட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்தக் காயங்களோடு போராடி இறந்தார். நடந்ததைப் பின்னால் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. சிறைக் கதவுக்கு வெளியே நீதிமன்றம் நின்றுவிட்டால் உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு அந்த ஆணையத்தின் விசாரணையே சாட்சி.

1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. எந்த நெருக்கடியிலும் உயிர், தனிமனிதச் சுதந்திரம் பற்றிய 21ஆவது பிரிவை நிறுத்திவைக்க முடியாது என்று அது சொல்கிறது. அதே ஆண்டு மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், சட்டத்தில் ஒரு நடைமுறை இருந்தால் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறு என்று முறையாக ரத்து செய்யப்பட்டதோ 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை குறித்த புட்டசாமி வழக்கில்தான். 1976இல் அரசின் பக்கம் நின்ற நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட்டே அதை எழுதினார். 41 ஆண்டுகள் ஆயின.

தடா, பொடா சட்டங்களை நீதிமன்றம் ரத்து செய்ததா?

இல்லை. இரண்டையும் செல்லும் என்றே சொன்னது. தடா 1995இல் காலாவதியானது, பொடாவை 2004இல் நாடாளுமன்றம் நீக்கியது.

தடாவில் மிகவும் ஆபத்தான பிரிவு, எஸ்.பி. அந்தஸ்துள்ள போலீஸ் அதிகாரி பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்பது. வெள்ளைக்காரர்கள் இயற்றிய சாட்சியச் சட்டம்கூடப் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஏற்கவில்லை. அடித்து வாங்குவார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. 1994இல் கர்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சில பாதுகாப்புகளைச் சொல்லிவிட்டு அந்தப் பிரிவை அனுமதித்தது.

இதன் விளைவு தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. நோக்கம் ராஜீவைக் கொல்வதுதான், மக்களிடம் பீதியைக் கிளப்புவது இல்லை, ஆகவே இது தடா சொல்லும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்று சொன்னது. அப்படியானால் தடாவில் வாங்கிய வாக்குமூலமும் விழ வேண்டுமல்லவா? விழவில்லை. தடா வழக்கோடு சேர்ந்து விசாரிக்கப்பட்ட மற்ற குற்றங்களுக்கும் அது செல்லும் என்றார்கள். சட்டம் போன பிறகும் அதன் வாக்குமூலம் தூக்குக் கயிறாக நின்றது. 19 வயதில் கைதான பேரறிவாளன் அப்படித் தண்டனை பெற்றவர்களில் ஒருவர். அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, ஓய்வுபெற்ற பிறகு, அவர் சொன்னதை முழுதாக எழுதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கருணை மனு மீதான தாமதத்துக்காக 2014இல் தூக்கு ஆயுளானது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

பொடா என்றால் வைகோ. திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று 2002 ஜூலையில், அமெரிக்காவிலிருந்து திரும்பியவரைச் சென்னை விமான நிலையத்தில் கைது செய்து வேலூர்ச் சிறையில் வைத்தார்கள். 2003 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்றது. கூடவே, பயங்கரவாதத்தை வளர்க்கும் எண்ணம் இல்லாமல் வெறும் தார்மீக ஆதரவு தெரிவிப்பது குற்றமாகாது என்றும் சொன்னது. அவர் வெளியே வந்தது 2004 பிப்ரவரியில், 19 மாதங்கள் கழித்து. சட்டத்தைக் காப்பாற்றி, அதன் பல்லைக் கொஞ்சம் பிடுங்குவது நம் நீதிமன்றங்களின் பழக்கம். பல் பிடுங்கப்படும்வரை உள்ளே இருப்பவர் கடிபட்டுக்கொண்டிருக்கிறார்.

உபாவில் ஜாமீன் கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு சேர்த்த ஒரு பிரிவுதான் காரணம். குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று நம்ப இடமிருந்தால் ஜாமீன் தரக் கூடாது என்கிறது 43டி பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவும் 180 நாள் வரை அவகாசம் வாங்கலாம். 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. ஜாமீன் கட்டத்தில் ஆதாரங்களை எடைபோடக் கூடாது, போலீஸ் வைத்திருப்பதை மொத்தமாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்றது. போலீஸ் சொல்வது பொய் என்று காட்டினால்தான் ஜாமீன், ஆனால் அதைக் காட்ட விசாரணை வரை காத்திருக்க வேண்டும். விசாரணையோ ஆண்டுக்கணக்கில் தொடங்குவதே இல்லை.

இதற்குள் ஒரு வாசலைத் திறந்தது 2021 பிப்ரவரியில் வந்த நஜீப் வழக்கு. கேரளத்தில் ஒரு பேராசிரியரின் கையை வெட்டிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் அவர். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார், விசாரிக்க வேண்டிய சாட்சிகள் இன்னும் 276 பேர். சட்டத்தில் எவ்வளவு கடுமையான தடை இருந்தாலும், விசாரணை முடிய வாய்ப்பே இல்லாதபோது 21ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஜாமீன் தரலாம் என்று மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். அதன்பின் 2023இல் வெர்னன் கொன்சால்வஸ் வழக்கில், ஆதாரத்துக்குக் கொஞ்சமாவது மதிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றது ஓர் அமர்வு. 2024 பிப்ரவரியில் குர்விந்தர் சிங் வழக்கில் இன்னோர் அமர்வு, உபாவில் ஜாமீன் என்பது விதிவிலக்குதான் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜலாலுதீன் கான் வழக்கில் வேறோர் அமர்வு, சிறப்புச் சட்டத்திலும் ஜாமீன்தான் விதி என்றது. எந்த அமர்வின் முன் வழக்கு பட்டியலாகிறது என்பதில் ஒரு மனிதரின் ஆண்டுகள் தொங்குகின்றன. இது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம். இதைத் தீர்க்கப் பெரிய அமர்வு ஒன்று உட்கார வேண்டும்.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே வாழ்ந்த ஸ்டேன் சுவாமி பாதிரியாரை 2020 அக்டோபர் 8 அன்று, மகாராஷ்டிரத்தில் நடந்த வன்முறை தொடர்பான பீமா கோரேகான் வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) கைது செய்தது. அவருக்கு 83 வயது, பார்க்கின்சன் நோய். டம்ளரைப் பிடிக்கக் கை நடுங்குகிறது, உறிஞ்சிக் குடிக்கும் குவளை வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்க வேண்டியிருந்தது. அதற்கும் வாய்தா. உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் குற்றவாளியா இல்லையா என்று இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்லப்போவதில்லை.

தடை செய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினர் என்பதே குற்றமா?

2011இல் அரூப் புயான் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறையில் ஈடுபடாத வெறும் உறுப்பினர் குற்றவாளி இல்லை என்றது. 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது உறுப்பினராகத் தொடர்வதே குற்றம்.

அரசை எதிர்த்துப் போராடினால் தேசத்துரோகமா?

1962இல் கேதார்நாத் சிங் வழக்கிலேயே இதற்குப் பதில் வந்துவிட்டது. வன்முறையைத் தூண்டினாலோ பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கம் இருந்தாலோதான் தேசத்துரோகம். எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் அது மட்டும் குற்றமில்லை. அந்தத் தீர்ப்பு வந்து அரை நூற்றாண்டு கழித்து, கூடங்குளம் அணு உலையை எதிர்த்த இடிந்தகரை மீனவ மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். 2013 மே மாதம் உலை இயங்க அனுமதித்த உச்ச நீதிமன்றம், போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டியிருந்தது.

2022 மே 11 அன்று தேசத்துரோகத்துக்கான 124ஏ பிரிவை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 152ஆவது பிரிவு வந்திருக்கிறது. துரோகம் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஆபத்து உண்டாக்குவது என்ற வரையறை பழையதைவிட அகலமாகத்தான் இருக்கிறது.

இணையத்தை முடக்கலாமா?

முடக்கலாம், ஆனால் காலவரம்பில்லாமல் முடக்கக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்று காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று தீர்ப்பு வந்தது. நல்ல கோட்பாடு. ஆனால் இணையத்தைத் திரும்பக் கொடுங்கள் என்று அதே தீர்ப்பு உத்தரவிடவில்லை. காஷ்மீருக்கு 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில்.

தவறாக அடைக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு தருமா?

தர வேண்டும் என்ற கோட்பாடு உறுதியாக இருக்கிறது. கேட்டு வாங்கும் உரிமையாக எந்தச் சட்டத்திலும் அது எழுதப்படவில்லை.

பழைய நிலை படுமோசம். மீரட்டில் ஒரு வியாபாரியைப் பிடித்துத் தங்கத்தைப் பறிமுதல் செய்தார்கள். அதைப் பாதுகாக்கும் பொறுப்பில் இருந்த தலைமைக் காவலரே அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். கைது என்பது இறையாண்மை சார்ந்த வேலை, அதில் நடந்த தவறுக்கு அரசு பொறுப்பில்லை என்று 1960களில் கஸ்தூரி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது 1983இல் ருதுல் ஷா வழக்கில் உடைந்தது. பீகாரில் விடுதலைத் தீர்ப்பு வந்த பிறகும் 14 ஆண்டுகள் சிறையில் கிடந்தவர் அவர். நீதிமன்றம் 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. தொகை சிறிது, ஆனால் ரிட் மனுவிலேயே (அடிப்படை உரிமைக்காக உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நேரடியாகப் போடும் மனு) இழப்பீடு தரலாம் என்ற வழி பிறந்தது. 1993இல் நீலாபதி பெஹரா வழக்கு, அடிப்படை உரிமை மீறலில் இறையாண்மை என்ற சாக்கு செல்லாது என்று தெளிவாக்கியது.

தேசப் பாதுகாப்பு என்ற பெயரில் நடந்த அநியாயத்துக்குப் பெரிய இழப்பீடு கிடைத்தது நம்பி நாராயணனுக்கு. நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி, ராக்கெட் ரகசியங்களை விற்ற உளவாளி என்று 1994 நவம்பர் 30 அன்று கேரளப் போலீஸாரால் கைது செய்யப்பட்டார். 50 நாள் காவலில் இருந்தார். 1996இலேயே சிபிஐ, குற்றச்சாட்டு பொய் என்று அறிக்கை கொடுத்துவிட்டது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. உளவாளி என்ற பெயரோடு அவரும் குடும்பமும் கழித்த ஆண்டுகளுக்கு அது ஈடாகுமா என்பதை விடுங்கள், கிடைத்ததே அபூர்வம்.

ஏனென்றால் அக்ஷர்தாம் வழக்கில் அதுவும் கிடைக்கவில்லை. 2002இல் குஜராத் அக்ஷர்தாம் கோவில் தாக்குதலில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொடாவில் தண்டிக்கப்பட்ட ஆறு பேரை, மூன்று பேருக்குத் தூக்கு உறுதியான பிறகு, 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. விசாரணை நடந்த விதத்தைக் கடுமையாகக் கண்டித்தது. பிறகு அவர்கள் இழப்பீடு கேட்டபோது, விடுதலையாகும் ஒவ்வொருவருக்கும் இழப்பீடு என்றால் தவறான முன்னுதாரணமாகிவிடும் என்று 2016இல் மறுத்துவிட்டது. தவறான வழக்குகளுக்கு இழப்பீடு தரத் தனிச்சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்னும் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் 1979இல் சேர்ந்தபோதே, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு என்ற பிரிவுக்கு மட்டும் நாங்கள் கட்டுப்பட மாட்டோம் என்று இந்தியா எழுதிக் கொடுத்திருக்கிறது.

அரசு பணம் கொடுப்பது சரி. தவறு செய்த அதிகாரிக்கு என்ன ஆகிறது?

பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. உபாவில் நல்லெண்ணத்தில் செய்த செயலுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தில் ஒன்றிய அரசின் அனுமதி இல்லாமல் வழக்கே தொடர முடியாது. மணிப்பூரில் 1,528 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதாக வந்த மனுவில், 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ராணுவத்துக்கு முழு விலக்கு என்று எதுவும் கிடையாது, ஒவ்வொரு சாவும் விசாரிக்கப்பட வேண்டும் என்றது. இதைவிடத் தைரியமான வார்த்தைகளை அந்தச் சட்டம் குறித்து எந்த நீதிமன்றமும் எழுதியதில்லை. ஆனாலும் 2021 டிசம்பரில் நாகாலாந்தின் ஓட்டிங் கிராமத்தில் சுரங்க வேலை முடித்து வீடு திரும்பிய தொழிலாளர்களைச் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்ற வழக்கில், 30 ராணுவத்தினர் மீது வழக்கு நடத்த ஒன்றிய அரசு அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கைகளை முடித்துவைத்தது. பின்னால் அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்றது.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. வீரப்பனைத் தேடப்போன கூட்டு அதிரடிப் படையால் சித்திரவதைக்கு ஆளான மலைக்கிராம மக்களைப் பற்றி சதாசிவா குழு விசாரித்தது. 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. அந்தப் பணம் நம் வரிப்பணம். அடித்தவர்களின் சட்டைப்பையிலிருந்து வந்ததில்லை.

பயங்கரவாதத்தில் இறந்தவர்களுக்கு உரிமை இல்லையா? ஏன் எப்போதும் குற்றவாளிகளுக்காகவே பேசுகிறீர்கள்?

உரிமை இருக்கிறது. அவர்களுக்குச் சேர வேண்டியது, உண்மையில் செய்தவருக்குத் தண்டனை. அக்ஷர்தாமில் இறந்தவர்களின் குடும்பங்கள் பத்து ஆண்டுகளுக்கு மேல், இந்த ஆறு பேர்தான் செய்தார்கள் என்று நம்பினார்கள். கடைசியில் அவர்களுக்கு எதிரான வழக்கே நிற்காது என்று தெரிந்தது. அந்தக் குடும்பங்களையும் சேர்த்துத்தான் அந்த விசாரணை ஏமாற்றியது. வாக்குமூலத்தை அடித்து வாங்குகிற போலீஸ், அதோடு தேடுவதை நிறுத்திவிடுகிறது. நியாயமான விசாரணையைக் கேட்பது பாதிக்கப்பட்டவருக்கும் சேர்த்துக் கேட்பதுதான்.

வீட்டில் ஒருவரை இப்படிப்பட்ட வழக்கில் பிடித்துக்கொண்டு போனால் உடனே என்ன செய்ய வேண்டும்?

கைதுக்கான காரணங்களை எழுத்தில் கேளுங்கள். உபா வழக்கிலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2024 மே 15 அன்று, நியூஸ்கிளிக் செய்தித் தளத்தின் நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தாவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. எந்தக் குற்றமானாலும், கைதானவருக்குப் புரிகிற மொழியில் காரணம் இருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்திருக்கிறது. ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கினால், தமிழில் கேட்கலாம்.

கைது நேரத்தை நீங்களே ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் ஓடும். கைதுக் குறிப்பில் எழுதியிருக்கும் நேரமும் நீங்கள் குறித்ததும் ஒன்றாக இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் முதல் நாளே சொல்லுங்கள், அப்புறம் சொன்னால் எடுபடாது. உடம்பில் காயம் இருந்தாலும் அன்றைக்கே சொல்லிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். தடுப்புக் காவல் என்றால், கொடுக்கும் கட்டுக்கட்டான தாள்களில் ஒவ்வொரு பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். படிக்க முடியாத நகல், மொழிபெயர்க்காத பக்கம், விடுபட்ட தாள் எல்லாமே பின்னால் உதவும். பதில் மனுவை உடனே எழுதி, அனுப்பிய தேதிக்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். அரசு அதைக் கிடப்பில் போட்டால் அந்தத் தாமதமே ஒரு வாதம்.

குற்றப்பத்திரிகைக்கான கெடு முடியும் நாளை வக்கீலோடு சேர்ந்து கணக்கிட்டு வையுங்கள். கெடுவுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். பீமா கோரேகான் வழக்கில் சுதா பரத்வாஜ் 2021 டிசம்பரில் வெளியே வந்தது அந்த வழியில்தான். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், குற்றப்பத்திரிகை வந்த பிறகு கேட்டால் கிடைக்காது. வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும்.